குழந்தைக்கு பிரான்ஸ்: கோபுரத்தில் தொடங்கலாமா, காலண்டரில் தொடங்கலாமா?

வீட்டில் நாலு வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளை. அதற்கு பிரான்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள். பாரிஸில் சித்தி குடும்பம் இருக்கலாம். பள்ளியில் ஏதாவது ஒரு நாட்டைப் பற்றி ப்ராஜெக்ட் கேட்டிருக்கலாம். புதுச்சேரியில் தெருப் பலகையைப் பார்த்து, "இதுக்கு ஏம்மா இப்படிப் பேரு?" என்று பிள்ளையே ஆரம்பித்து வைத்திருக்கலாம். எதுவானாலும், தேடிப் பார்த்தால் கைக்கு வருவது ஒரே பொட்டலம்: வண்ணம் தீட்ட ஒரு ஈபிள் கோபுரம், நீலம் வெள்ளை சிவப்பில் ஒரு கொடி, பேக்கரியிலிருந்து ஒரு குரோசான், கூடவே வணக்கம் சொல்ல ஒரு "போன்ஷூர்".

வேறு வழிகளும் இருக்கின்றன. மொழியில் தொடங்கலாம், கதையில் தொடங்கலாம், வரைபடத்தில் தொடங்கலாம், அடுப்படியில் தொடங்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீடுகளுக்கு, பிரெஞ்சுப் பிள்ளைகளின் ஒரு வருடத்தை மாதாமாதம் தொட்டுக்கொண்டு போவதுதான் சரிப்படும். மற்ற வழிகள் அதற்குத் துணையாக வரட்டும்.

ஒரு வார ப்ராஜெக்ட்

இதை முழுக்கக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் சார்ட் பேப்பர் போக வேண்டுமென்றால் வேறு வழியில்லை. செலவும் குறைவு. சிக்கல் என்னவென்றால், பிள்ளையின் மனதில் பிரான்ஸ் என்பது ஒரு இரும்புக் கோபுரமாகவும் கோடுபோட்ட சட்டை மாட்டிய மீசைக்காரராகவும் நின்றுவிடுகிறது. நத்தை, தவளை சாப்பிடுகிற ஜனங்கள் என்ற கேலியும் அதோடு சேர்ந்துகொள்ளும். பிறகு அதைத் துடைப்பது கஷ்டம்.

கோபுரத்தைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால், படத்தோடு நிறுத்தாமல் அதன் கதையைச் சொல்லுங்கள். பிரெஞ்சுப் புரட்சியின் நூறாவது ஆண்டுக்காக 1889-இல் நடந்த உலகக் கண்காட்சிக்குக் கட்டியது அது. இருபது வருடம் நிற்கத்தான் அனுமதி. அதற்குள் வானொலி வந்துவிட்டது. அலைபரப்ப உயரமான இடம் தேவைப்பட்டதால் கோபுரம் தப்பியது. இன்று ஆண்டெனாவோடு 330 மீட்டர். கோடையில் இரும்பு விரிந்து சில சென்டிமீட்டர் வளரும், குளிரில் சுருங்கும். "கோபுரம் வளருமா?" என்று ஒரு பிள்ளை கண்ணை விரித்துக் கேட்டால் அந்த ப்ராஜெக்ட் பாதி வெற்றி.

ஆனாலும் ஒரே ஒரு சார்ட் பேப்பர்தான் என்றால், நான் கோபுரத்தை விட்டுவிட்டு பலூனை எடுப்பேன். 1783, செப்டம்பர் 19. வெர்சாய் அரண்மனை முற்றம். அனோனே ஊரைச் சேர்ந்த, காகிதம் செய்யும் குடும்பத்தில் பிறந்த மோங்கோல்ஃபியே சகோதரர்கள் சூடான காற்றை நிரப்பிய பலூனில் ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் மூன்றையும் ஏற்றி அனுப்பினார்கள். பதினாறாம் லூயி மன்னர் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு நிமிடம் போலப் பறந்து, சில கிலோமீட்டர் தள்ளி மூன்றும் உயிரோடு இறங்கின. ஏன் இந்த மூன்று? வாத்துக்கு உயரம் பழக்கம். அதற்கு ஏதாவது ஆனால் கோளாறு பலூனில்தான் என்று தெரியும். சேவலுக்குச் சிறகு இருந்தும் அது உயரப் பறக்காது. ஆடு மனிதனுக்குப் பதிலாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அறிவியல் சோதனை என்றால் என்னவென்று விளக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. அதே ஆண்டு நவம்பரில் மனிதர்களும் பறந்தார்கள்.

மொழியில் தொடங்கினால்

நம் வீடுகளில் இதற்குத்தான் மவுசு அதிகம். ஒரு செயலியை இறக்கிக் கொடுப்பது, அல்லது வாரக் கடைசி வகுப்பில் சேர்ப்பது. பிளஸ் ஒன்னில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுக்கும் ஊரில், அந்தக் கணக்கு ஐந்து வயதிலேயே தொடங்கிவிடுவதில் ஆச்சரியமில்லை.

பிள்ளைக்கு பிரெஞ்சு பேச ஆள் இருந்தால் மொழி முதல் வரட்டும். வீடியோ அழைப்பில் பேச பாரிஸில் ஒரு அக்காவோ தம்பியோ இருந்தால், அல்லது குடும்பம் அடுத்த வருடம் அங்கே குடிபோவதாக இருந்தால், தயங்கவே வேண்டாம். பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் சென்னையிலும் இருக்கிறது, புதுச்சேரியில் 1889 முதலே இருக்கிறது. ஏழு வயதிலிருந்து பிள்ளைகளுக்கென்றே டெல்ஃப் பிரிம் என்ற தேர்வும் உண்டு.

பேச ஆளில்லை என்றால் செயலி கற்றுத்தரும் பத்து நிறங்களும் பத்து மிருகங்களும் ஆறு மாதத்தில் மறந்துபோகும். அந்த ஆறு மாதத்திலும் பிரான்ஸைப் பற்றி பிள்ளைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதற்கு ஐந்தே சொற்களும் ஒரு பழக்கமும் போதும். பிரான்ஸில் ரொட்டிக் கடைக்குள் நுழைந்தவுடன், கேட்க வந்ததைக் கேட்கும் முன் "போன்ஷூர்" சொல்ல வேண்டும். சொல்லாமல் கேட்டால் மரியாதைக் குறைவு. குழந்தை என்றும் பார்க்க மாட்டார்கள், பெற்றோர் திருத்துவார்கள். வீட்டில் கடை வைத்து விளையாடும்போது இந்த விதியைப் போட்டுவிடுங்கள்: போன்ஷூர் சொல்லாதவருக்கு ரொட்டி கிடையாது. அங்கே நடந்துகொள்ளும் முறை பிள்ளைக்கு விளையாட்டிலேயே பிடிபட்டுவிடும்.

கதையும் ஓவியமும்

கதைப் புத்தகம் எல்லோரும் கைவைக்கும் வழி. சிண்டரெல்லாவின் கண்ணாடிச் செருப்பு 1697-இல் ஷார்ல் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய வடிவத்தில் இருந்து வந்தது என்று சொன்னால் பிள்ளை "ஓ" என்று சொல்லும், அவ்வளவுதான். அதில் பிரான்ஸ் தெரியாது. அவருடைய அதே கதைத் தொகுப்பில் சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் விழுங்குவதோடு கதை முடிந்துவிடும், காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள். தூங்கப்போகும் முன் படிப்பதென்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

நிஜக் கதைகள் இதைவிட நன்றாக ஒட்டும். கூவ்ரே கிராமத்தில் தோல் வேலை செய்த அப்பாவின் பட்டறையில், மூன்று வயதில் ஊசி குத்திப் பார்வை இழந்த லூயி பிரெய்ல், பதினைந்து வயதில் ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்து முறை கண்டுபிடித்தார். தடித்த தாளில் பின்பக்கத்திலிருந்து பேனாவால் புள்ளி குத்தி, கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ் பிரெய்லும் அதே ஆறு புள்ளிதான். ஆதிமனிதர்கள் வரைந்த லாஸ்கோ குகை ஓவியங்களை 1940-இல் கண்டுபிடித்தவர்கள் நாலு பையன்கள் என்பதும் அப்படித்தான். பெரியவர்கள் யாரும் உடன் இல்லை என்ற தகவல்தான் பிள்ளைகளைக் கட்டிப்போடும்.

ஓவியத்தில், சின்னவர்களுக்கு மத்தீஸ். வயதான காலத்தில் உடம்பு முடியாமல், வண்ணம் பூசிய தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியே பெரிய பெரிய படங்கள் செய்தவர். கத்தரிக்கோலும் பசையும் இருந்தால் போதும், பார்த்து வரையும் கவலையே கிடையாது. மோனேயின் அல்லிக்குளத்தை எட்டு வயதுக்கு ஒத்திப்போடலாம்.

சுவரில் ஒரு வரைபடம்

இது தனியாக ஒரு வழியாக ஓடாது. ஆனால் எந்த வழியை எடுத்தாலும் இது வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நாட்டை அறுகோணம் என்றே சொல்வார்கள். ஆறு பக்கம் வரைந்தால் ஏறக்குறைய பிரான்ஸ் வந்துவிடும். இதில் நான் அடம்பிடிக்கும் ஒரு விஷயம்: அறுகோணத்தை மட்டும் மாட்டாதீர்கள், உலக வரைபடத்தையும் மாட்டுங்கள். பிரான்ஸின் மிக நீளமான நில எல்லை எந்த நாட்டோடு என்று கேளுங்கள். ஸ்பெயின், ஜெர்மனி என்று பெரியவர்களே தடுமாறுவார்கள். விடை பிரேசில். தென்னமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சு கயானா பிரான்ஸின் ஒரு பகுதி.

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவும் அப்படித்தான். 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்ட வேலைக்கு காரைக்கால், புதுச்சேரி வழியாக நம் ஆட்களைக் கொண்டுபோனார்கள். அவர்கள் வழிவந்தவர்களை அங்கே மலபார் என்கிறார்கள். தீமிதி இன்றும் நடக்கிறது, செந்த்-ஆந்த்ரே ஊரில் தீபாவளி ஊரே கூடிக் கொண்டாடும் விழா. பிரெஞ்சுக்காரர் என்றால் வெள்ளைத் தோல், தங்க முடி என்று பிள்ளை தீர்மானித்துவிடும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

அடுப்படி

உற்சாகம் அதிகம், பாடம் குறைவு. குரோசான் வீட்டில் செய்வது முட்டாள்தனம் என்றே சொல்வேன். நம் வெயிலில் வெண்ணெய் மாவுக்குள் நிற்காது, பிரான்ஸிலும் அதைக் கடையில்தான் வாங்குகிறார்கள். முட்டை சேர்க்காத வீடுகளுக்குப் பாதி சமையல் குறிப்புகள் உதவாது. அப்படிப்பட்டவர்களுக்கு பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் செய்யும் மெல்லிய தோசை மாதிரியான பக்வீட் க்ரெப் இருக்கிறது: மாவு, தண்ணீர், உப்பு. நவராத்திரி விரதத்துக்கு வடநாட்டவர் வாங்கும் குட்டு மாவுதான் அது, தோசைக்கல்லிலேயே வரும். மெல்லிசாக ஊற்றப் பழகவேண்டும், முதல் இரண்டு கிழியும்.

சமைக்காமலேயே செய்யக்கூடிய ஒன்று இதைவிட எனக்குப் பிடிக்கும். பிரெஞ்சுப் பள்ளிச் சாப்பாடு ஒவ்வொன்றாக வரும்: முதலில் பச்சைக் காய்கறி மாதிரி ஒரு தொடக்கம், பிறகு முக்கிய உணவு, பிறகு சீஸ் அல்லது தயிர், கடைசியில் பழமோ இனிப்போ. மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம் என்பதால் மழலைகளும் இப்படித்தான் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. வாரம் ஒரு நாளாவது சைவச் சாப்பாடு போட வேண்டும் என்று 2019 முதல் விதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நம் சாப்பாட்டையே அந்த வரிசையில் பரிமாறிப் பாருங்கள். வெள்ளரிக்காய், சாம்பார் சாதம், தயிர், வாழைப்பழம். ஒரு தட்டு முடிந்தால்தான் அடுத்தது. நடுவில் டிவி கிடையாது. நாலரை மணிக்கு ரொட்டிக்குள் ஒரு துண்டு சாக்லேட் வைத்துக் கொடுத்தால் அதுதான் அங்கத்துப் பிள்ளைகளின் சாயங்காலத் தீனி; அதன் பிறகு இரவுச் சாப்பாடு வரை நொறுக்குத்தீனி கேட்கக்கூடாது என்பதும் அதில் அடக்கம். இந்தக் கடைசி விதிதான் நம் வீட்டில் கலவரத்தைக் கிளப்பும்.

காலண்டர்

இந்த வழியில் மாதத்துக்கு ஒரு நாள்தான் வேலை. அந்த நாளில் அங்கே ஒரு பிள்ளை என்ன செய்யுமோ அதை இங்கேயும் செய்வது. ஒரு வருடம் ஓடிவிட்டால் பிள்ளைக்கு அந்த ஊர்ப் பிள்ளையின் வாழ்க்கை ஓரளவு உருவமாகிவிடும். அடுத்த வருடம் அதே நாள் திரும்ப வரும்போது பிள்ளையே நினைவுபடுத்தும். ஒரு வார ப்ராஜெக்டில் இது நடக்காது.

ஜனவரி 6-ஐ ஒட்டி ராஜாக்கள் கேக். பாதாம் விழுது வைத்த வட்டமான பேஸ்ட்ரி, அதற்குள் ஒரு சின்னப் பீங்கான் பொம்மை ஒளிந்திருக்கும். பழைய காலத்தில் அந்த இடத்தில் அவரை விதைதான் இருந்தது. வீட்டில் மிகச் சின்னப் பிள்ளை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, "இந்தத் துண்டு யாருக்கு?" என்று கேட்கக் கேட்க ஒவ்வொருவர் பெயராகச் சொல்லும். பொம்மை கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடம். ஜனாதிபதி மாளிகையில் வெட்டும் கேக்கில் மட்டும் பொம்மை வைக்க மாட்டார்கள். குடியரசில் ராஜா ஏது? ஓவன் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். தென் பிரான்ஸில் இதையே இனிப்பு ரொட்டியில் செய்கிறார்கள், நம் பேக்கரியின் பெரிய வட்ட பன் அதற்குச் சரி. அடியில் கீறி ஒரு மொச்சைக் கொட்டையைத் திணித்துவிடலாம். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தொண்டையில் சிக்கும்; அவர்கள் தட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைத்தால் விளையாட்டு கெடாது.

பிப்ரவரி 2, க்ரெப் நாள். ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தோசைச் சட்டியை வீசித் திருப்பிப் போட வேண்டும். விழாமல் திரும்பினால் வருடம் முழுக்கக் காசு தங்குமாம்.

ஏப்ரல் 1-இல் காகித மீன் வெட்டி, தெரியாமல் ஒருவர் முதுகில் ஒட்டுவது. இதற்குச் செலவு ஒரு தாள். ஈஸ்டருக்கு அங்கே முட்டை கொண்டுவருவது பெரும்பாலும் மணிகள். பெரிய வியாழன் முதல் தேவாலய மணிகள் மௌனமாகிவிடும். அவை ரோமுக்குப் பறந்துபோய்விட்டன என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். ஞாயிறன்று திரும்பி வரும் வழியில் தோட்டங்களில் சாக்லேட் முட்டையைப் போட்டுக்கொண்டே வருமாம். மே 1 அன்று முகே என்ற சின்னச் சின்ன மணி போன்ற வெள்ளைப் பூவைக் கொடுத்துக்கொள்வார்கள். நமக்கு அது கிடைக்காது, இரண்டு முழம் மல்லிகை போதும். ஜூன் 21 தெரு முழுக்கப் பாட்டு. 1982-இல் தொடங்கிய வழக்கம், இன்று பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போக வேண்டியதுதான்.

ஜூலைதான் இந்தக் காலண்டரின் நெஞ்சு. 14-ஆம் தேதி தேசிய தினம். 1789-இல் பாஸ்தீய் சிறையை மக்கள் கைப்பற்றிய நாள். தலையை வெட்டிய கதைகளை இப்போது தொட வேண்டாம், "ராஜா சொன்னதே சட்டம் என்று இருந்ததை ஜனங்கள் மாற்றினார்கள்" என்பது போதும். தீயணைப்பு வீரர்கள் தங்கள் நிலையத்தைத் திறந்துவிட்டு ஊராரோடு ஆடும் இரவும் அப்போதுதான். கூடவே தூர் தெ ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயம்: 1903-இல் ஒரு செய்தித்தாள் விற்பனையைக் கூட்டுவதற்காக ஆரம்பித்தது. அந்தத் தாள் மஞ்சள் காகிதத்தில் அச்சானது. முன்னணியில் இருப்பவருக்கு 1919 முதல் மஞ்சள் பனியன். மலையேறுவதில் முதலாவதாக வருபவருக்கு வெள்ளையில் சிவப்புப் பொட்டு. இருபத்தொரு கட்டம், மூன்று வாரம். சுவர் வரைபடத்தில் தினமும் அன்றைய ஊரில் ஒரு குண்டூசி குத்தி நூலைச் சுற்றினால், மூன்று வாரத்தில் பைரனீஸ் எங்கே, ஆல்ப்ஸ் எங்கே என்று யாரும் சொல்லித்தராமலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பாதை வருடாவருடம் மாறும் என்பதால் அடுத்த ஜூலைக்கும் இது பழையதாகாது.

செப்டம்பரில் பள்ளி திறக்கும் நாள், முதுகைவிடப் பெரிய பையோடு. ஆகஸ்ட் கடைசியை ஒட்டி பாரிஸ் பதினெட்டாம் வட்டாரத்தில் மாணிக்க விநாயகர் தேர் போகும், தெருவிலேயே தேங்காய் உடையும். அந்தப் படங்களைக் காட்டாமல் பாரிஸைக் காட்டி என்ன பயன்? டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம். பிரெஞ்சு அஞ்சல் துறை 1962 முதல் அதற்கென்றே ஒரு அலுவலகம் வைத்துப் பதில் போடுகிறது. முதல் பதிலை எழுதியவர் குழந்தைகள் மனநலத்தில் பெயர்பெற்ற டாக்டர் ஃபிரான்சுவாஸ் தோல்தோ. டிசம்பர் 20 ரீயூனியனில் அடிமை விடுதலை நாள்.

தேதி இல்லாத ஒன்றும் உண்டு. பல் விழுந்தால் அங்கே தலையணைக்கு அடியில் வைப்பார்கள், இரவில் ஒரு குட்டி எலி வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும். நம் ஊரில் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்த பாட்டி இருந்தால், இரண்டையும் ஒன்றாகச் சொல்லுங்கள்.

இந்த வழிக்குக் குறை இல்லாமல் இல்லை. பாதி நாட்கள் கிறிஸ்தவப் பண்டிகையை ஒட்டியவை. வீட்டில் பெரியவர்களுக்கு அது உறுத்துமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் மறந்தால் அந்த மாதம் போய்விடும். கோபுரம் மாதிரி எடுத்துக் காட்டி மார்க் வாங்க ஒன்றும் இருக்காது.

புதுச்சேரி

சென்னையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ கிளம்புகிறவர்களுக்கு இது கைக்கு எட்டிய தூரம். ஆனால் வெறும் மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதானால் போக வேண்டாம். சிவப்புத் தொப்பிப் போலீஸ், இரண்டு மொழித் தெருப் பலகை, கடற்கரைச் சாலைப் போர் நினைவிடம், வெள்ளைக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த வாய்க்கால், இந்த நான்கையும் தேடிக் கண்டுபிடிக்கும் வேட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் அருகே நின்று, ஏன் இரண்டு பக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்ஸ் நமக்குப் பண்டிகையும் கேக்கும் மட்டுமாக வரவில்லை. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது, சட்டப்படி முடிந்தது 1962-இல். ஜூலை 14-இல் போனால் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கும் முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர்களைப் பார்க்கலாம். நம் முகம், நம் பெயர்.

பெதாங்க் ஆடும் இடம் தென்பட்டால் நின்று பாருங்கள். இரும்புக் குண்டை எறிந்து சின்ன மரக்குண்டுக்கு யார் பக்கத்தில் போகிறார்கள் என்ற ஆட்டம், இரண்டு காலும் ஒட்டி நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்து நாலு எலுமிச்சம்பழத்தையும் ஒரு புளியங்கொட்டையையும் வைத்து ஆடலாம்.

யார் எதை எடுக்கலாம்

பிரான்ஸுக்குக் குடிபோகும் குடும்பம் மொழியோடு பள்ளிச் சாப்பாட்டு வரிசையையும் போன்ஷூர் விதியையும் இன்றே தொடங்கட்டும், காலண்டரை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ப்ராஜெக்ட் நெருக்கடி என்றால் பலூன். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் வருடம் முழுக்க முடியாது என்றால் ஜனவரி கேக், ஏப்ரல் மீன், ஜூலை நூல், இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு சனிக்கிழமை மதியம்கூட ஆகாது. நாலு வயதுக்குக் கீழே இருந்தால் மீனும் மத்தீஸும் போதும், மற்றதெல்லாம் அவசரம்.

மாதம் எதுவானாலும் தொடங்கலாம், ஜனவரிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆகஸ்டில் மட்டும் தொடங்காதீர்கள். அந்த மாதம் பிரான்ஸே பாதி கடையை மூடிவிட்டு விடுமுறைக்குப் போயிருக்கும், உங்களுக்கும் செய்ய அதிகம் இருக்காது.